ஆறரை மணிக்கு முடிந்த முகாம்

எங்கள் வட்டார மருத்துவ அலுவலரை நினைத்தால் எனக்கு முதலில் அவருடைய கைக்குட்டைதான் கண்முன் வரும். துணை சுகாதார நிலையத்துக்கு வந்தால், உட்காருவதற்கு முன் அதனால் நாற்காலியை இரண்டு முறை துடைப்பார். காலையில் நானே துடைத்துப் போட்ட நாற்காலி. பிறகு கைக்குட்டையை இரண்டு விரலால் பிடித்து மடித்துக்கொண்டு, கை கழுவத் தண்ணீர் எங்கே என்பார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நான் கிராமச் செவிலியராக இருந்த காலம் அது.

தடுப்பூசி நாள் புதன்கிழமை, காலை பத்து மணி. எங்கள் ஊர்ப் பெண்களைப் பட்டாசுக் கம்பெனி வேன் ஏழு மணிக்கே அள்ளிக்கொண்டு போய்விடும். பத்து மணிக்கு ஊரில் மிஞ்சுவது கிழடுகளும் கைப்பிள்ளைகளும் கோழிகளும் நானும்தான். பெற்றவள் இல்லாமல் பிள்ளையை ஊசிக்குத் தூக்கிவர எந்தக் கிழவியும் துணியமாட்டாள். பதிவேட்டில் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. "இதுகளுக்குப் பெத்த பிள்ளை மேல அக்கறை இல்லை" என்பது அவர் கண்டுபிடித்த காரணம். மேலிடத்திலிருந்து ஓலை வந்ததும் அவருக்கே திடீரென்று அக்கறை பிறந்தது. இனி மாலை முகாம். ஐந்தரை முதல் ஆறரை வரை, வேன் நிற்கும் இடத்திலேயே. தாய் இறங்குவாள், பிள்ளையை வாங்கி மடியில் வைப்பாள், நாங்கள் ஊசி போடுவோம். செவிலியர் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருப்பவர்போல எங்களைப் பார்த்தார்.

நானும் பட்டாசு ஊரான நாரணாபுரத்தில் பிறந்தவள். வெடிமருந்து அறையில் வேலை பார்த்த எந்தத் தாயும் தலைக்குக் குளித்துச் சேலை மாற்றாமல் பிள்ளையைத் தொடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் மேலெல்லாம் வெள்ளித்தூளோடு வாசலில் நின்று, கிட்ட வராதே என்று எங்களை விரட்டியவள்தான். அதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. மகாமேதை நாலு பேர் முன்னால் மூக்குடைபடட்டும் என்று இருந்துவிட்டேன்.

முகாமுக்கு ஒரு போட்டோக்காரரையும் கூட்டி வந்தார். வேன் ஆறு பத்துக்கு வந்தது. இறங்கிய பெண்கள், கிழவிகள் தூக்கி வந்திருந்த பிள்ளைகளைக் கண்டதும் பத்தடி தள்ளி நின்றார்கள்.

தட்டம்மை ஊசிக்கு வந்த ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்று தாயைப் பார்த்ததும் கையை நீட்டி அழுதது. அதை இடுப்பில் வைத்திருந்தவள் ஊரிலிருந்து வந்திருந்த மூத்த நாத்தனார்; தாய்க்கு மதினி முறை.

"மேலெல்லாம் மருந்துங்கய்யா, பிள்ளையத் தொடக் கூடாது. எங்க மதினி மடியில வச்சுப் போடுங்க. இல்ல, செத்த இருங்க, குளிச்சிட்டு ஓடியாந்திருதேன்" என்றாள் தாய்.

மதினி மடியில் வைத்துத் தாராளமாகப் போட்டிருக்கலாம். ஆனால் போட்டோவுக்குப் பெற்றவள் வேண்டுமே! "உன் பிள்ளையைத் தொட உனக்கென்ன கேடு?" என்று அலுவலர் கத்தினார். பெண்கள் குளிக்க ஓடினார்கள். ஆறரை ஆனதும் பெட்டியை மூடச் சொன்னார். பதிவேட்டில் 'தாய் மறுப்பு' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் முகம் சிறுத்துப்போனதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஈரத் தலையோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது.

வேறு நாள் கேட்டு அவரிடம் அலைந்தேன். மறுத்தவர்களுக்கு மறுபடி எதற்கு என்றார். தீபாவளி சீசன்; கம்பெனியில் லீவு கிடையாது. அடுத்த மாதம் அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை கண்டது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள், மதுரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் மிஞ்சியது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

இப்போது அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசி போடுகிறார்கள். பெண்கள் குளித்து முழுகி வருகிறார்கள், ஒரு பிள்ளை விடுபடுவதில்லை. இதற்கு மேதைத்தனம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஓய்வு பெற்ற நம் அலுவலர் மட்டும், தாய்மார் வசதிக்கேற்ற சேவை என்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். போன மாதம் சாத்தூர் பஸ் நிலையத்தில் அந்தத் தாயைப் பார்த்தேன். மகள் நாலாம் வகுப்பு. பஸ்ஸின் பெயர்ப் பலகையைத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு கெடக்காரு. நீங்க எங்க சனம்க்கா. ஒங்க பேச்ச அங்கன யாரு கேட்டாக?" என்றாள் தாய், என் கையைப் பிடித்துக்கொண்டு.

அந்தக் கூட்டத்தில் நான் பேசவே இல்லை என்பதை அவளிடம் அன்றும் சொல்லவில்லை.