ஹாப்ஸ் பூ முடிந்த கைக்குட்டை

ஓரத்தில் நீலநூல் தைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. என் மனைவி இரண்டு முறை அதைத் துவைக்க எடுத்தாள். இரண்டு முறையும் கத்திவிட்டேன். துபாயில் நான் சமையல் வேலை பார்த்த வீட்டு மேடத்தினுடையது அது.

மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள். சார் ஜெபல் அலி துறைமுகத்தில் இன்ஜினியர், இருவரும் இங்கிலாந்துக்காரர்கள். மேடத்துக்குப் புற்றுநோய். டாக்டர்கள் கைவிரித்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணமான புதிதில் சார் வீட்டிலேயே காய்ச்சித் தந்த, அவர்கள் ஊர்ப் பழைய பாணி பீர். வெளியே தெரிந்தால் வம்பு. ஆனாலும் சார் மறுக்கவில்லை. பீருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் காய்ந்த பூ. லீவில் போன நண்பர் ஒருவர் அதை மூன்று பொட்டலமாகக் கொண்டுவந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கட்டிலருகே உட்கார்ந்து, சார் ஒவ்வொரு பூவாக உள்ளங்கையில் தேய்த்து நீட்டினார். அமெரிக்க ரகம் ஆரஞ்சுத் தோலாக மணந்தது. அடடா, இதல்லவா வாசம் என்று நினைத்தேன். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவதில் ஈரமண் வாசம்; கசப்புக்கு ஆகும் என்று சார் ஒதுக்கி வைத்தார். மூன்றாவது கோல்டிங்ஸ், மேடம் சின்ன வயதில் பறிக்கப்போன தோட்டத்துப் பூ. எனக்கு அது தேன் சிந்திய வைக்கோலாகத்தான் பட்டது. மேடம் கண்ணை மூடி, "இதுதான்" என்றார். அந்த முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு பிடி பூவைக் கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வெள்ளி காய்ச்சலாம், பத்திரமாக வை என்று மீதியை சார் என்னிடம் தந்தார்.

பூ விரலில் பிசுபிசுத்தது. பூஞ்சை பிடித்துவிடும் என்று பட்டது எனக்கு. மிளகாயோ புளியோ, வெயில் காட்டித்தான் எங்கள் வீட்டில் எடுத்துவைப்போம். மொட்டைமாடியில் வேட்டியை விரித்து ஜூன் மாத வெயிலில் மூன்று நாள் காயப்போட்டேன். மொறுமொறுவென்று ஆனதும் பெருமை வேறு! அந்தப் பூவுக்கு வெயில்தான் எமன் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காய்ச்சும் நாளில் சார் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். தேய்த்து மறுபடி முகர்ந்தார். என்ன செய்தாய் என்றார்.

"நத்திங் சார்" என்றேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாய் தானாகப் பொய் சொன்னது. நண்பர் அடுத்த லீவுக்குப் போக மாதக்கணக்காகும். மேடத்துக்கு அத்தனை நாள் இல்லை. சார் அதையே போட்டுக் காய்ச்சினார்.

துபாய் கராமா பகுதி ரூமில் என்னோடிருந்த யாழ்ப்பாணத்து அண்ணனிடம் சொன்னேன். "உண்மையைச் சொல்லிப்போடு தம்பி. இல்லாட்டி காலம் முழுக்க உனக்கு நித்திரை வராது" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வரவேயில்லை.

மூன்று வாரம் கழித்து மேடம் ஒரு வாய் குடித்தார். பிறகு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு வாய். குமட்டுகிறது போலும் என்று நினைத்தேன். "அதே வாசம்" என்று சாரைப் பார்த்துச் சிரித்தார். சார் தன் கிளாஸை முகர்ந்து பார்த்தார். சமையலறைக்கு வந்து தொட்டியில் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்தபடி நின்றார். "வாசம் போன பூ என்று தெரிந்தும் காய்ச்சிவிட்டேன். என் தப்பு. கலாஸ், முடிந்தது" என்றார். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் மேடம் போய்விட்டார். படுக்கையை உதறும்போது கைக்குட்டை விழுந்தது. முடிச்சை அவிழ்த்தேன். அன்று கட்டிலருகே வந்த அதே வாசம்! புருஷன் மனசு நோகக்கூடாது என்று இதை முகர்ந்துகொண்டே அந்தச் செத்த பீரைக் குடித்திருக்கிறார், மகராசி. அடுத்த அறையில் சார் தனியாக உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய்க் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன், படுபாவி.

நேற்று அதைப் பிரித்தேன். பழுப்புத் தூள். எவ்வளவு இழுத்து முகர்ந்தும் ஒரு வாசமும் இல்லை. சார் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. இருந்தால், தப்பு தன்னுடையது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.