கேட்டுக்கு வெளியே நின்ற வண்டி

1. முதல் நாள் கேட்ட விதி

யுத்த காலம். எல்.எம்.பி. என்ற டாக்டர் படிப்பை முடித்த கையோடு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். என்னைக் கேஷுவாலிட்டியில் உட்கார வைத்தார்கள். வருகிறவரில் யாருக்குக் கட்டில், யாருக்கு அவுட்பேஷண்ட் சீட்டு என்று பிரித்து அனுப்புவதுதான் வேலை. கட்டில் கிடைக்காதவர்கள் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் நாங்கள் நடக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான டாக்டர் ஆர்.எம்.ஓ. கண்டிப்பான மனிதர். லஞ்சம், சிபாரிசு எதுவும் அவரிடம் செல்லாது. முந்தின நாள் அவசரமென்று சேர்த்தவர்களைத் தினமும் காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்ப்பார். தேவையில்லாமல் சேர்த்திருந்தால் சேர்த்த டாக்டருக்கு அங்கேயே அர்ச்சனை நடக்கும்.

முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "டாக்டர், ரொம்ப யோசிக்காதீங்க. தூக்கிட்டு வந்தா அட்மிஷன். நடந்து வந்தா அவுட்பேஷண்ட். இதை வச்சுக்கிட்டீங்கன்னா பாதித் தலைவலி போயிரும்."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கூட்டம் நெருக்கும்போது ஒரு விதி கையில் இருப்பது பெரிய நிம்மதி.

2. என் சாச்சா வந்த வரத்து

அந்த விதியின் லட்சணத்தை முதலில் காட்டியவர் என் தகப்பனாரின் தம்பி, என் சொந்தச் சாச்சாதான். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒரு மத்தியானம் ஜட்கா வண்டி நேராகப் போர்ட்டிகோவுக்குள் வந்து நின்றது. நாலு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். பின்னாலேயே தெருவில் பாதி ஜனம்.

"அண்ணே, அத்தா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சிட்டாருண்ணே. காப்பாத்துங்கண்ணே" என்று அவர் மகன் அழுதான்.

நான் பார்த்த வரையில் கல்யாண வீட்டுப் பிரியாணி நெஞ்சில் நின்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் தூக்கி வந்திருக்கிறார்களே, கட்டில் கொடுத்தாயிற்று. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். மறுநாள் ஆர்.எம்.ஓ. "தூக்கிட்டு வந்த கேஸ்தானே" என்று தாண்டிப் போனார். அந்தக் கட்டில் கிடைக்காமல் யார் வராந்தாவில் கிடந்தார்கள் என்பதை நினைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

3. இருளாயி

அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம். கூலி வேலை செய்கிற குடும்பம். புருஷன் பெயர் சோணை. இருளாயிக்கு இருபது வயதைத் தாண்டியிருக்காது. காலை வேளை, மேஜைக்குப் பின்னால் ஆர்.எம்.ஓ. உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அவள் தன் காலால் நடந்து வந்தாள். தலை வாரி, துவைத்த சேலை கட்டியிருந்தாள். மேஜைக்கு எட்டவே நின்றுகொண்டாள். அழுகை இல்லை, கூப்பாடு இல்லை.

"என்னம்மா?" என்றார் ஆர்.எம்.ஓ.

"வயித்து வலி சாமி."

"அவுட்பேஷண்ட். அந்த வரிசையில போய் நில்லும்மா."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். நிலையைப் பற்றியிருந்த அந்த விரல்களில் ரத்தமே இல்லை. நான் பின்னாலேயே போய்க் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி போல் வெளுத்திருந்தது. நாடி நூலாக ஓடியது.

சோணையிடம் விசாரித்தேன். "ரெண்டு மாசமாக் குளிக்கலை சாமி, முழுகாம இருக்கா. விடியக்காலம் சுருண்டு விழுந்தா. இப்பத் தோளு வலிக்குதுங்கிறா."

கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி வெடித்திருக்கிறது. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது, தோள் வலி அதற்கு அடையாளம்.

"இவளையா நடக்க வச்சுக் கூட்டிட்டு வந்தே?"

"இல்ல சாமி. வைக்கோல் வண்டியிலதேன் படுக்க வச்சுக் கொண்டாந்தோம். கேட்டுக்கு வெளிய எறக்கிட்டோம்."

"ஏன்?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "பெரிய எடம்ல சாமி. எங்க ஊர்ல பெரிய தெரு வந்தா எறங்கித்தேன் நடப்போம். வண்டியில குந்திக்கிட்டே போனா அடிப்பாக. அவளே எறங்குறேன்னுட்டா."

எனக்கு ரத்தம் கொதித்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. ஓடிப்போய், "சார், இவ நடந்து வந்த கேஸ் இல்லை" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். ஆர்.எம்.ஓ. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஸ்ட்ரெச்சருக்குக்கூடக் காத்திராமல் நானும் ஒரு வார்டு பாயும் அவளைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினோம். ஆபரேஷன் செய்தது ஆர்.எம்.ஓ.தான். ரத்தம் ஏற்ற எங்களிடம் அன்று வசதி கிடையாது. சலைன் ஏற்றினோம். மத்தியானம் அவள் இறந்துபோனாள்.

கேட்டிலேயே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பிழைத்திருக்கவும் கூடும். அந்த நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

ஆர்.எம்.ஓ. வெளியே வந்து சோணையிடம் அவரே சொன்னார். அவன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். ஆர்.எம்.ஓ. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "வண்டியை உள்ளேயே ஓட்டிட்டு வந்திருக்கலாமேப்பா" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"உள்ள வரலாம்னு யாரும் சொல்லலையே சாமி" என்றான் சோணை.

ஆர்.எம்.ஓ. எழுந்து கேட்டுக்குப் போனார், நானும் போனேன். கோட்டும் டையுமாக அவரே மாட்டுக் கயிற்றைப் பிடித்து அந்த வண்டியைப் போர்ட்டிகோ வரை நடத்தி வந்தார். அதில்தான் அவளை ஏற்றினோம்.

அதற்குப் பிறகு கேட்டில் ஓர் ஆளை நிறுத்தினோம். வண்டியை உள்ளே கூப்பிடுவதுதான் அவன் வேலை. கூப்பிட்டும் பலர் இறங்கினார்கள். பழைய விதியை ஆர்.எம்.ஓ. மறுபடி வாயில் எடுக்கவில்லை. காலைச் சுற்றில் சேர்த்தவர்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்தவில்லை. கூடவே, திருப்பி அனுப்பியவர்கள் யார் யார் என்றும் கேட்க ஆரம்பித்தார்.

இன்று அட்மிஷன் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒருவர் நடந்து வந்தால், எங்கிருந்து நடந்தார், ஏன் நடந்தார் என்று கேளுங்கள். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். பேனாவை அதன் பிறகு எடுக்கலாம்.