வெள்ளை மரநாயைப் பார்த்த இரண்டாவது ஆள்

போன வாரம் அதியன்னூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். அவர் வீட்டுத் தென்னையிலிருந்து விடியற்காலையில் ஒரு மரநாய் இறங்கியதாம். முழுக்க வெள்ளை! ஓடிப்போய்க் கணவரை எழுப்பியிருக்கிறார். அவர் வருவதற்குள் அது போய்விட்டது. 'ஏதாவது பூனையைப் பார்த்திருப்பே' என்று சொல்லிவிட்டு அவர் பல் தேய்க்கப் போய்விட்டாராம்.

'சார், வெள்ளை மரநாய் உண்டா, இல்லையா? ஒரே ஒரு வரி எழுதுங்கள். கத்தரித்து அவரிடம் காட்டவேண்டும்.'

உண்டு அம்மா. சத்தியமாக உண்டு.

என் மருமகன் கால்நடை டாக்டர். அவரிடமும் கேட்டுவிட்டேன். உடம்புக்கு நிறம் கொடுக்கிற சத்து உண்டாகாமலே சில உயிர்கள் பிறக்குமாம். ஆல்பினோ என்பார்கள். கண்கூடச் சிவப்பாக இருக்கும். நிறம் பாதி மட்டும் குறைந்தால் உடம்பு வெளுத்து, கண் வழக்கம்போல இருக்கும். காக்கை, அணில், மான்... எதற்கும் வரலாம். "ஆனா ரொம்ப நாள் தாங்காது மாமா. அதால எங்கேயும் ஒளிஞ்சுக்க முடியாதே" என்றார்.

நான் பார்த்ததற்குக் கண் சிவப்பு.

பதில் இவ்வளவுதான். இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'நான் பார்த்தது' என்று எழுதிவிட்டேனே... இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். மலையாள ராஜ்யத்தில் இருந்த தெற்குத் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம். பாறசாலைப் பக்கத்துக்காரர்களான நாங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். எங்களையும் சேர்க்கவேண்டும் என்று நான் போஸ்டர் ஒட்டினேன். ரகசியமாகத்தான்! அப்பா நெய்யாற்றின்கரையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. மகன் சுவரில் பசை தடவுகிறான் என்று தெரிந்தால் அப்பாவுக்கு வேலை இருக்குமா?

ஒருநாள் விடியலில் பசை டின்னோடு பனந்தோப்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பனையேறும் தங்கையன் கையைக் காட்டி நிறுத்தினார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அன்றைக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

"தம்பி, ஓசை காட்டாம இங்கோட்டு வாருங்க. மேல பாருங்க."

"என்னது?"

"மரப்பட்டியாக்கும். வெளுத்தது. மூணு நாளாட்டு எனக்க கலயத்துல அக்கானி குடிக்குது. வீட்டுக்காரிகிட்ட சொன்னா சிரிக்கா."

அக்கானி என்றால் பதநீர். மரப்பட்டி என்றால் மரநாய். பார்த்தேன். பனை மட்டையில் காலை ஊன்றி, கலயத்துக்குள் தலையை விட்டிருந்தது. நுங்கின் வெள்ளை. தலையைத் தூக்கியபோது மூக்கு ரோஸ் நிறம். கண் இரண்டும் சிவப்பு.

"கண்ணைப் பாரு தங்கையா... சிவப்பு!" என்று நான்தான் கிசுகிசுத்தேன்.

"குடி மக்கா, குடி. எனக்கும் செத்தம் மிச்சம் வெச்சுட்டுப் போ" என்று அவர் அதனிடம் சொன்னார்.

அரைமணி நேரம் நின்றோம். அது இறங்கிப் புதருக்குள் போனது. தங்கையன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

"இப்பம் ரெண்டு பேரு கண்டாச்சு. இனி யாரு சிரிப்பான்னு பாத்துக்கிடலாம்."

அதே விடியலில், மந்திரி ஒருவரின் கார் போகவேண்டிய ரோட்டில், ஒரு பனையின் உச்சியில் கறுப்புக்கொடி பறந்தது. யார் கட்டினார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. போலீஸுக்கு யோசனை எளிது. பனையில் கொடியா? பனையேறியைப் பிடி. தங்கையனைப் பிடித்தார்கள். அவர் உண்மையைச் சொன்னார். தோப்பில் இருந்தேன், வெள்ளை மரப்பட்டி பார்த்துக்கொண்டிருந்தேன், குமாஸ்தா மகனும் கூட இருந்தான்.

மறுநாள் காலை ஏட்டு ஒருவர் அவரை எங்கள் வீட்டு வாசலுக்கே கூட்டிவந்தார். அப்பா குடையோடு ஆபீஸுக்குக் கிளம்பி நின்றார்.

"மோனே, இன்னலே வெளுப்பினு நீயும் இயாளும் கூடி வெளுத்த மரப்பட்டியெக் கண்டோ?" நேற்று விடியலில் இவனோடு நின்று வெள்ளை மரப்பட்டியைப் பார்த்தாயா என்று ஏட்டு சிரித்துக்கொண்டே மலையாளத்தில் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். என் நக இடுக்கில் மைதாப் பசை காய்ந்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இல்லை. நான் வீட்டை விட்டு வெளியிலேயே போகல."

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

"வெள்ளை மரப்பட்டியா? அப்படி ஒண்ணு லோகத்துல உண்டா?"

ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும்.

தங்கையன் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி... கண்ணு சிவப்புன்னு நீங்கல்லா சொன்னிய?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்து ஞாபகப்படுத்துகிற மாதிரி கேட்டார்.

நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

பதினோரு நாள் கழித்து விட்டார்கள். வலது முட்டி மடங்கவில்லை. முட்டி மடங்காதவன் பனை ஏற முடியுமா? அவர் மனைவி பூவார்ப் பக்கம் தேங்காய்த் தொண்டு அடித்து நார் எடுக்கிற வேலைக்குப் போனார். நான்? தொடர்ந்து போஸ்டர் ஒட்டினேன். 'தமிழுக்காக எதையும் இழப்போம்' என்று கொட்டை எழுத்தில்!

இரண்டு மாதம் இருக்கும். டீக்கடைக்குப் பின்னால் நாய்கள் சேர்ந்து ஒரு மிருகத்தைக் குதறிவிட்டன என்று சொன்னார்கள். போனேன். சந்தை வாசலில் மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதேதான்! வெள்ளையில் ரத்தம் எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டியதில்லை. ஊரே கூடி நின்றது.

"அப்பம் தங்கையன் சொன்னது நேராக்கும்!" என்றது ஒரு குரல்.

"எலே, குமாஸ்தாக்க மவனும் கூட நின்னு கண்டான்னுல்லா அவன் சொன்னான்?" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் பார்த்தேன், கூட்டத்தின் ஓரத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு தங்கையன்.

"இல்லப்பா. அது எனக்கு தெற்றிப்போச்சு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்னைக்கு நின்னது வேற ஆளு. தம்பி இன்னைக்குத்தான் ஆத்யமாட்டு காணுது. இல்லியா தம்பி?"



"ஆமா" என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். குறுகலான ஒழுங்கையில் ஓடிப்போய்ப் பிடித்தேன். "தங்கையண்ணா..." அன்றுதான் முதல்தடவை அப்படிக் கூப்பிட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் நின்றார். முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நீங்க கண்டியன்னு ஆனா, அந்நேரத்துல அங்க என்ன செய்தியன்னு கேப்பாவ. அப்பாக்க வேல போயிரும்லா தம்பி. வேல போனா வீடு எப்பிடி இருக்கும்னு எனக்கு இப்பம் தெரியும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சந்தையில் கூட்டம் இன்னும் கலையவில்லை. ஐம்பது அடி திரும்பி நடந்திருந்தால் போதும், அத்தனை பேர் முன்னாலும் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.