அடுப்பு மூட்டாத வீடுகள்

மேலப்பாளையத்து ஃபர்ஹத், கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். சோறு வீணாவது மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய நெய்ச்சோற்றைக் குழிவெட்டிக் கொட்டியபோது அழுதவள், தம்பி சல்மான் ஃபாரிஸின் கல்யாணத்துக்குத் தலைக்கணக்கைத் தானே போடுவதாக அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.

"கொறஞ்சா குடும்ப மானமே போயிரும்ட்டி" என்றாள் உம்மா.

"கொறையாதும்மா. நான் படிச்ச கணக்குலா."

படித்தவள் சொன்னால் வீடு நம்பாதா? நம்பியது.

சொந்தத்தில் முன்பு நடந்த கல்யாணங்களில் ஒரு பத்திரிகைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று விசாரித்தாள். பெரும்பாலும் இரண்டு, மூன்று. சில வீடுகள் மட்டும் வேன் பிடித்து முப்பது பேராக வந்து இறங்கியிருந்தன. வரைந்து பார்த்தால் இடப்பக்கம் குவியல், வலப்பக்கம் நீண்ட வால். அவளுடைய மாடலுக்கோ நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரேபோல் சரியும் மணி வடிவம் வேண்டும். எல்லா எண்களுக்கும் மடக்கை, அதாவது லாக், எடுத்தாள். பெரிய எண்கள் சுருங்கின, வால் உள்ளே வந்தது, மணி அமைந்துவிட்டது. அந்தச் சராசரியைத் திரும்பப் பழைய எண்ணாக்கினால் மூன்று. பத்திரிகைகளை மூன்றால் பெருக்கி, சமையல்கார அசன் முகம்மதிடம் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று முதல் பந்தி நன்றாகவே போனது. ஃபர்ஹத்துக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு வேன்கள் வர ஆரம்பித்தன. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உண்ணும் சகனில் ஆறு பேரை உட்கார வைத்தும் எட்டவில்லை. சோறாக்கிய தேக்சாவின் அடி தெரிந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மடக்கையிலிருந்து திரும்பிய சராசரி வரிசையின் நடுவிலிருக்கும் வீட்டைத்தான் காட்டும். அதைப் பெருக்கினால், வேனில் வருகிறவர்களையும் சேர்த்த மொத்தக் கூட்டத்தின் கணக்கு கிடைக்காது. வகுப்பில் வருடா வருடம் அவளே சொல்லித்தரும் எச்சரிக்கை அது.

உடன்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஆபிதா பீவி, வாப்பாவின் அக்கா. அவர்களுக்குக் கடையில் வாங்கிய புரோட்டாதான் கிடைத்தது. ஃபர்ஹத் பக்கத்தில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்கு எத்தன பேருன்னு வச்சே?"

"மூணு, மாமி."

மாமி புரோட்டாவைக் கீழே வைத்தாள். "பத்திரிகை வைக்க வந்தன்னைக்கி, 'வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது, ஒருத்தரு விடாம வரணும்'னு சொன்னது நீதானட்டி?"

"நாந்தான்."

"அப்பம் நீயே சொல்லு. அந்த மூணு பேரு யாரு யாரு?"

ஃபர்ஹத் வரிசையைப் பார்த்தாள். மருமகள்கள், பேரப்பிள்ளைகள், மடியில் தூங்கும் கைக்குழந்தை. யாரையும் கழிக்க முடியவில்லை. அழுகைதான் வந்தது.