இரண்டு குளிர் அறைக்கும் ஒரே இலக்கம்

ஜவ்பரைப் போல சோம்பல் பிடித்த மனிசனை நான் திருகோணமலையில் வேறெங்கும் காணவில்லை. கடைகளுக்குக் கமரா, கம்பியூட்டர் பூட்டி ஒன்றோடொன்று தொடுத்துக் கொடுப்பது அவன் தொழில். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இலக்கம் வைக்க வேண்டுமாம். இவன் எந்தக் கடைக்கும் அதே இலக்கங்களைத்தான் வைப்பான். கமராவுக்குப் பத்து, பிரிண்டருக்கு இருபது. புதிசாக யோசிக்க யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்பான்.

மீன் யாவாரிகள் இரண்டு பேர் கூட்டுச் சேரும்வரை அதனால் ஒரு கெடுதியும் வரவில்லை. குறிஞ்சாக்கேணி ஸெய்னுதீன், லிங்கநகர் ஸஜ்ஜாத். ஸஜ்ஜாத்தின் அக்காவைக் கட்டியவர் ஸெய்னுதீன். இருவருக்கும் தனித்தனிக் குளிர் அறை. நான் இடையில் வேன் ஓட்டுகிறவன். இருந்த இடத்திலிருந்தே மற்றவர் அறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஜவ்பர் தொடுத்துக் கொடுத்தான்.

ஸெய்னுதீன் மச்சானின் அறையைப் பார்க்கக் கம்பியூட்டரில் பத்தை அடித்தார். படத்தில் அவருடைய நீலப் பெட்டிகள், அவருடைய பாரை மீன். உடனே ஸஜ்ஜாத்துக்குப் போனில் கோல் எடுத்து, தன் மீன் அங்கே எப்படி வந்தது என்று கேட்டார். கள்ளன் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்துச் சொல் எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் பார்த்தது தன் அறையைத்தான். இரண்டு பக்கமும் பத்து இருந்தால், கம்பியூட்டர் தன் பக்கத்தில் இருக்கிற பத்தோடு நின்றுவிடும். யாராவது ஒருவர் இலக்கங்களை மாற்ற வேண்டும் என்றான் ஜவ்பர். மூத்த மச்சான் மாற்றுவதா என்றார் ஸெய்னுதீன். பெரிய அறைக்காரன் மாற்றுவதா என்றார் ஸஜ்ஜாத். மற்றவர் மாற்றாவிட்டால் கூட்டு முறிந்தது என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். ஜவ்பருக்குப் பாதிச் சோறு போடுவது இந்த இரண்டு கடையும்தான்.

பிறகு நடுவில் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டினான். வழியிலேயே இலக்கத்தை மாற்றிக் காட்டுவது அதன் வேலை. ஸஜ்ஜாத்தின் பத்து குறிஞ்சாக்கேணியில் நூற்றுப்பத்தாகத் தெரியும். ஸெய்னுதீனின் பத்து லிங்கநகரில் இருநூற்றுப்பத்தாகத் தெரியும். இரண்டு கடைக்குள்ளும் பழைய இலக்கம் ஒன்றையும் யாரும் தொடவில்லை. ஸெய்னுதீனிடம் போய் ஸஜ்ஜாத் பக்கத்து இலக்கம் மாறிவிட்டது என்றான். ஸஜ்ஜாத்திடம் போய் ஸெய்னுதீன் பக்கத்தைச் சொன்னான். இருவரும் புது இலக்கத்தை அடித்துப் பார்த்தார்கள். மாறித்தான் இருந்தது.

ஸெய்னுதீனின் மகள் ஜெஸ்மினின் கலியாணத்தில் நாங்கள் நாலு பேரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். ஸஜ்ஜாத் நல்ல இறைச்சித் துண்டொன்றை மச்சான் பக்கம் தள்ளினார்.

"நம்பரெல்லாம் மாத்தினீங்களாம் மச்சான். பெரிய மனசு."

சோற்றுக்குள் ஜவ்பரின் கை நின்றது. ஸெய்னுதீன் அவனைப் பார்த்தார். இறைச்சியைப் பார்த்தார்.

"குடும்பம் எண்டா ஆராவது விட்டுக்குடுக்கத்தானே வேணும்," என்றார்.

ஜவ்பர் மறுபடி சாப்பிடத் தொடங்கினான்.

கை கழுவும் இடத்தில் ஸெய்னுதீன் அவனை ஒதுக்கிக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"ஸஜ்ஜாத் நல்ல மனிசன் பாத்தியா. மாத்தினது தானெண்டு வாயே திறக்கயில்ல. நீயும் ஒண்டும் கதைச்சுப் போடாத."

"ஓம் காக்கா," என்றான் ஜவ்பர்.

அடுத்த கிழமை குச்சவெளியில் ஒரு புதுக் கடைக்குக் கமரா பூட்டினான். பத்துத்தான்.