உடனே அழாத பிள்ளை

என் கிளினிக் அட்டையில், பிறந்த தேதிக்குக் கீழே, மங்கிய நீல மையில் இப்படி இருக்கிறது: ‘உடனே அழவில்லை. ஒட்சிசன் கொடுக்கப்பட்டது.’ எத்தனை நிமிடம் என்று எழுதவில்லை. எழுதாத அந்த நிமிடங்களுக்குப் பத்து வயது வரை எனக்குத் தண்டனை கிடைத்தது.

நாங்கள் இரட்டையர். எனக்குச் சற்று முன் பிறந்தவனை அண்ணா என்று அழைக்க வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. அவன் உடனே அழுதவன். ஆகவே வெள்ளவத்தைக் கடற்கரையில் ஓடலாம், பந்தடிக்கலாம். நான் செருப்புகளுக்குக் காவல். அவன் வளர்ந்தான். என்னோடு ஒரே நாளில் பிறந்தவனுக்குக் கட்டையாகிப்போன சட்டைகள் மறுவருடம் எனக்கு வந்தன. அதை ஒருவரும் அநியாயம் என்று நினைக்கவில்லை.

ஐந்தாம் தரத்தில், பள்ளிக்கூடத்து மாணவரை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டியில், அஞ்சல் ஓட்டத்துக்கு நின்ற எங்கள் இல்லத்துப் பையன் ஒருவனுக்குக் கால் சுளுக்கியது. பொறுப்பாசிரியர் சேர் சுற்றிப் பார்த்தார். சும்மா நின்றவன் நான்தான்.

“ஓடுவியா?”

“ஓம் சேர்!”

சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கோட்டில் நின்றேன். எனக்கு முந்தைய சுற்றை ஓடிய அண்ணா அஞ்சல் கோலுடன் என்னை நோக்கி ஓடி வந்தான். நான் கையைப் பின்னால் நீட்டியபோது, பெற்றோர் கூடாரத்திலிருந்து அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பாய்ந்து வந்து என்னை அள்ளிக்கொண்டார்.

“சேர், இவன் ஓடக்கூடாது! பிறக்கேக்க அழாத பிள்ளை!”

கோலை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் அண்ணா நின்றான். நான் அலறினேன்.

“அண்டைக்கு அழாததை இண்டைக்கு அழுறான்டா!” என்று எதிர் இல்லத்தில் ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது.

வீடு திரும்பினால், தொடர்மாடியில் லிப்ட் பழுது. பத்து வயதுப் பையனை நாலாம் மாடி வரை அம்மா தூக்கியே ஏறினார். அயல்வீட்டார் கதவு திறந்து பார்த்தார்கள்.

“இறக்கி விடுங்கோ, நான் நடப்பன்!”

“வாயை மூடு. மூச்சை வீணாக்காதை.”

“மூச்சு வாங்கிறது நீங்கள்தான் அம்மா,” என்றான் பின்னால் வந்த அண்ணா.

உண்மைதான். நல்லாய் வாங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அம்மா நின்றார். இரைத்துக்கொண்டிருந்த தன் மூச்சை அடக்கி, என் மூக்கருகே காதை வைத்தார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. வெறுப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நான் வளராமல் கட்டையானது பிறப்பில் மூச்சு முட்டியதால் என்றார் ஒரு டொக்டர். ஓட விடாமல் இருத்தி வைத்ததால் என்றார் இன்னொருவர். இரண்டில் எது என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.