பனவடலிசத்திரத்துக்கு ஓர் எழுத்து

எண்பதுகளின் கடைசியில், சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் நூல் கடை ஒன்றின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் கடையநல்லூரிலிருந்து வரும் அக்கா ஒருவர் அதில் உட்காருவார். மதியத்துக்கு மேல் நான். சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணற்று நீர்மட்டத்தைப் பதிவேட்டைப் பார்த்து அடித்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, மெட்ராஸில் ஓர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

ஃப்ளாப்பி வழியில் கெட்டுப்போகலாம் என்பதால் ஓர் ஏற்பாடு இருந்தது. அடித்து முடித்ததும் 'சம்' என்ற கட்டளையையும் ஃபைலின் பெயரையும் தட்டுவோம். ஃபைலில் உள்ள எல்லா எழுத்துகளையும் கணக்கிட்டுக் கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் காட்டும். அதைச் சீட்டில் எழுதி ஃப்ளாப்பியோடு வைப்போம். மெட்ராஸிலும் அதே கட்டளையைத் தட்டுவார்கள். அதே எண் வந்தால், அனுப்பியது அனுப்பியபடி போய்ச் சேர்ந்திருக்கிறது.

அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். கணவர் சவுதியில் இருந்தார். அந்த மாதத்தோடு வேலையை விடுவதாக இருந்ததால், தன் பங்குக் கிராமங்களை முழுவதும் முடித்து, எண்ணையும் சீட்டில் எழுதி வைத்துவிட்டு ஒரு நாள் மதியம் வழக்கம்போல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஃப்ளாப்பியில் ஏற்றி அனுப்ப வேண்டியது நான்.

ஏற்றும் முன் எங்கள் ஊர்க் கிணறுகளில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கும் ஆசையில் ஃபைலைத் திறந்தேன். பனவடலிசத்திரம் என்ற எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்திருந்ததில் ஒரு 'எச்' விடுபட்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சேர்த்து மூடி, ஃப்ளாப்பியில் ஏற்றி, அக்கா எழுதிய சீட்டோடு அனுப்பிவிட்டேன்.

மெட்ராஸிலிருந்து கீழே நூல் கடைக்கு ஃபோன் வந்தது. எண் பொருந்தவில்லையாம். தபாலில் அடிபட்டிருக்கும் என்று வேறு ஃப்ளாப்பியில் அனுப்பினோம். இரண்டாவதிலும் முதலில் வந்த அதே தப்பு எண். அப்படியானால் கோளாறு தபாலில் இல்லை, இங்கேதான் என்று சென்டர் நடத்திய அண்ணாச்சி சொல்லிவிட்டார். அக்காவைத் திட்டவில்லை. மொத்தத்தையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார்.

அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கால் வீங்கியிருந்ததால் செருப்பைக் கழற்றி, கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் பாதங்களை வைத்துக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். மூன்று நாள். என் வேலைக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. நான் பக்கத்தில் பதிவேட்டை வாசித்துக் கொடுத்தேன். அத்தனை ஆயிரம் எழுத்துகளில் ஒன்று கூடினால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் தொழுகைக்கு எழுந்து போனபோது, புதிதாக ஒரு சின்ன ஃபைலில் நாலு வார்த்தை அடித்து 'சம்' போட்டேன். ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடியும் போட்டேன். எண் மாறியிருந்தது. 

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். "நான்தாங்க்கா ஃபைலத் தொறந்தேன். எங்க ஊரு பேருல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துச்சு. சேத்துட்டேன்."

அக்கா ஃபைலைத் திறந்து கொடுத்தார். அந்த எழுத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். 'சம்' கட்டளையை அவரே தட்டினார். சீட்டில் இருந்த எண் அப்படியே திரையில் வந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது.

"இத மொத நாளே சொல்லக் கூடாதாட்டி? பிள்ள உண்டானதுல என் புத்திதான் மங்கிப்போச்சோன்னு மூணு நாளா பயந்து கெடக்கேன்."

நான் அழுதேன். என் முதுகில் கை வைத்து, போதும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுத்தத் திரும்பப் போடு. உங்க ஊரு பேரு சரியா இருக்கட்டும். புது நம்பர நான் எழுதுதேன்" என்றார்.

அண்ணாச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். இனி முடித்த ஃபைலை யார் தொட்டாலும் தொட்டவரே புது எண் எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். மெட்ராஸில் இந்தத் தடவை எண் பொருந்திவிட்டது.

மாதக் கடைசியில் அக்காவைத் தென்காசி ரயிலில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளை பிறந்ததும் வந்து பார்க்க வேண்டும் என்றார். கடையநல்லூரில் தன் தெருவுக்கு எப்படி வருவது என்று, வண்டி நகரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.